ஐந்து டாலரும் ஒரு கட்டி சோப்பும்

இண்டர்வியூவில் என்னவெல்லாம் கேட்பார்கள்? என்ன படித்தீர்கள், எங்கே வேலை பார்த்தீர்கள், ஐந்து வருடம் கழித்து எங்கே இருப்பீர்கள். (கேட்கிற மேனேஜரே அடுத்த மாதம் அந்த நாற்காலியில் இருப்பாரா என்பது வேறு விஷயம்.) சரி, இப்படிக் கேட்டால் என்ன செய்வீர்கள்? ‘வீட்டில் சோப்பு இருக்கிறதா? சம்சாரத்தோடு ஒழுங்காகக் குடித்தனம் நடத்துகிறீர்களா? சம்பளத்தில் எவ்வளவு மிச்சம் பிடிக்கிறீர்கள்? பின்கட்டில் படுத்திருக்கிறாரே, அவர் யார்?’

கேட்டார்கள். அதுவும் ஏதோ லெட்டர்பேடு கம்பெனி இல்லை. ஹென்றி ஃபோர்டின் கம்பெனி. பொங்கலுக்கு ஊருக்குப் போகையில் மறைமலை நகர்ப் பக்கம் பார்த்திருப்பீர்களே, நீலக் கலர் முட்டைக்குள் சுழித்துப் போட்ட கையெழுத்து மாதிரி ஒரு லோகோ, அதே ஃபோர்டு.

‘எங்கள் வேல்யூஸோடு ஒத்துப்போகிற ஆட்களைத்தான் எடுப்போம்’ என்று இன்றைக்கு எச்.ஆர். ஆட்கள் நேற்று ராத்திரி கண்டுபிடித்த மாதிரி சொல்கிறார்கள். ‘கல்ச்சர் ஃபிட்’ என்று அதற்கு நாமகரணமும் ஆகிவிட்டது. தம்பிகளா, டெட்ராய்டில் ஒரு மனிதர் 1914-லேயே இந்தப் படத்தை எடுத்து, ரிலீஸ் பண்ணி, தியேட்டரை விட்டுத் தூக்கியும் ஆயிற்று. நீங்கள் பண்ணிக்கொண்டிருப்பது ரீமேக்.

கதை ஒரு நட்டிலிருந்து ஆரம்பிக்கிறது.

1913-ல் ஹைலண்ட் பார்க் தொழிற்சாலையில் ஃபோர்டு நகரும் அசெம்பிளி லைனைக் கொண்டுவந்தார். அதுவரை ஒரு மாடல் டி காரின் சேஸிஸைப் பூட்டி முடிக்கப் பன்னிரண்டரை மணி நேரம். அடுத்த வருடமே அது 93 நிமிடம். உலகமே வாயைப் பிளந்தது. அங்கே வேலை பார்த்தவரும் வாயைப் பிளந்தார். ஆனால் அது கொட்டாவி.

பின்னே? நேற்றுவரை வண்டியை முழுசாகப் பூட்டிப் பழகிய கையை ஒரே இடத்தில் நிறுத்தி, ‘இனிமேல் காலம் பூரா இந்த ஒரு நட்டைத்தான் முடுக்கணும்’ என்றால்? சொல்லாமல் கொள்ளாமல் ஓடினார்கள். சுமார் 14,000 பேர் இருக்க வேண்டிய தொழிற்சாலைக்கு அந்த ஒரு வருடத்தில் மட்டும் 52,000 பேரை வேலைக்கு எடுக்க வேண்டி வந்தது. கணக்குப் போட்டால் 370 சதவீதம் ஆள்மாற்றம். அது ஃபாக்டரியா, பஸ் ஸ்டாண்டா? (பஸ் ஸ்டாண்டில்கூட பஸ் வரும்வரை நிற்பார்கள்.)

1914 ஜனவரி 5. கம்பெனியின் பொருளாளர் ஜேம்ஸ் கசின்ஸ் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு ஓர் அறிக்கையை வாசித்தார். வேலை நேரம் இனி ஒன்பது மணி இல்லை, எட்டு மணி. ஒரு நாள் சம்பளம் 2 டாலர் 34 சென்ட் இல்லை, 5 டாலர். மற்ற முதலாளிகளுக்கு மாரடைப்பு வராத குறை. வாசித்தவர் கசின்ஸ், விடிந்ததும் உலகப் புகழ் அடைந்தவர் ஃபோர்டு. பிரசண்டேஷன் போடுகிறவர் ஒருவர், கைத்தட்டல் வாங்குகிறவர் இன்னொருவர் என்ற ஆபீஸ் தர்மம் அன்றைக்கே அமலில் இருந்திருக்கிறது.

ஒரே வாரத்தில் தொழிற்சாலை வாசலில் ஆயிரக்கணக்கானவர்கள் குவிந்துவிட்டார்கள். டெட்ராய்டின் ஜனவரிக் குளிர் எப்படிப்பட்டது என்றால், நம் மார்கழிப் பனியெல்லாம் அங்கே பங்குனி வெயில். 12-ந் தேதி நெரிசல் கட்டுமீறியதும், அந்தக் குளிரில் கூட்டத்தின் மேல் தீயணைப்புக் குழாயைத் திறந்துவிட்டார்கள். இன்றைக்கு வேலையில் சேர்ந்தால் டி-ஷர்ட், காபி மக் என்று வெல்கம் கிட் தருகிறார்களே, ஃபோர்டு கம்பெனியின் வெல்கம் கிட்: தலை முழுக ஐஸ் தண்ணீர்.

நனைந்தும் வேலை கிடைத்தவர்கள் உள்ளே போனபிறகுதான் நட்சத்திரக் குறி போட்டுப் பொடி எழுத்தில் எழுதியிருந்த சமாச்சாரம் தெரிந்தது.

ஐந்து டாலரும் சம்பளம் இல்லையாம். சம்பளம் பழையபடி இரண்டு சொச்சம்தான். மிச்சம் ‘லாபத்தில் பங்கு’. பங்கு வேண்டுமானால் அதற்கு நீங்கள் லாயக்கானவர் என்று நிரூபிக்க வேண்டும். கல்யாணமானவரா? குடும்பத்தோடு இருந்து அதைக் காப்பாற்ற வேண்டும். பிரம்மச்சாரியா? 22 வயது தாண்டியிருக்க வேண்டும், சிக்கனக்காரர் என்று பெயர் எடுத்திருக்க வேண்டும். பெண்களா? ஆரம்பத்தில் அவர்களுக்குப் பங்கே இல்லை, 1916-ல்தான் மனம் இரங்கினார்கள். நட்டு முடுக்கத் தெரியுமா என்பது இந்தப் பட்டியலில் எங்கே வருகிறது என்று தேடுகிறீர்களா? நானும்தான் தேடுகிறேன்.

நிரூபிப்பது எப்படி? அதற்காகவே கம்பெனியில் புதிதாக ஒரு துறை: சோஷியலாஜிக்கல் டிபார்ட்மெண்ட். இதன் ஆய்வாளர்கள் ஒரு டிரைவரையும் ஒரு மொழிபெயர்ப்பாளரையும் ஏற்றிக்கொண்டு, ஃபோர்டு காரிலேயே தொழிலாளியின் வீட்டுக்கு வந்து இறங்குவார்கள். அடுப்படியைப் பார்ப்பார்கள். பாங்க் பாஸ்புக்கைப் புரட்டுவார்கள். கடன் எவ்வளவு, குடிப்பழக்கம் உண்டா, எந்த மதம், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்களா? அப்புறம் அக்கம்பக்கத்து வீடுகளில் விசாரணை.

நமக்கு இது புதிதா என்ன? மாப்பிள்ளை எப்படிப்பட்டவர் என்று தெருமுனை டீக்கடையில் நைசாக விசாரித்த பரம்பரை நாம். ஆனால் நம்மூரில் விசாரித்துவிட்டுப் பெண்ணையாவது கொடுப்பார்கள். அங்கே விசாரித்துவிட்டு, ஏற்கெனவே தருவதாகச் சொன்ன காசைத்தான் கொடுத்தார்கள். அதுவும் பஜ்ஜி சொஜ்ஜி கிடைக்காமல் திரும்பிப்போகிற சம்பந்திகள்!

பரீட்சை என்றால் கோனார் நோட்ஸ் வேண்டாமா? 1915-ல் அதையும் கம்பெனியே போட்டது. தொழிலாளிகளுக்கான உதவிக் குறிப்புகள் என்று ஒரு கையேடு. வீட்டில் சோப்பும் தண்ணீரும் தாராளமாகப் பயன்படுத்துங்கள், அடிக்கடி குளியுங்கள், வீட்டுக்குள் வாடகைக்கு ஆள் சேர்க்காதீர்கள் என்று அறிவுரைகள். நல்ல வீடு இப்படி இருக்கும், கெட்ட வீடு இப்படி இருக்கும் என்று போட்டோக்கள் வேறு. ஃபெயில் ஆனவருக்குப் பங்கு நிறுத்தம், திருந்த அவகாசம். ஆறு மாதத்திலும் திருந்தவில்லையா, வாசல் அந்தப் பக்கம்.

‘வாடகைக்கு ஆள் சேர்க்காதே’ என்ற விதியை மட்டும் நம்மூரில் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். ஆய்வாளர் வருகிற அன்று, அத்தனை பேரும் ஊரிலிருந்து வைத்தியத்துக்கு வந்திருக்கும் ஒன்றுவிட்ட சித்தப்பாக்களாக மாறியிருப்பார்கள்.

இந்தத் துறையின் சாதனைகளில் ஒன்றைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். ரஷ்யாவிலிருந்து வந்த ஒரு குடியானவர். மனைவி, வரிசையாகப் பிள்ளைகள், வாடகை வீட்டில் கஷ்ட ஜீவனம். ஆய்வாளர் வந்தார், பார்த்தார், நெஞ்சு பதறினார். உடனே கடன் ஏற்பாடு பண்ணி, வேறு வீடு பார்த்து, புது மேஜை நாற்காலி வாங்கி, மறக்காமல் சோப்பும் வாங்கிப் போட்டார். அதோடு விட்டாரா? பழைய தட்டுமுட்டுச் சாமான்களை ராத்திரியோடு ராத்திரியாக வண்டியில் ஏற்றிக்கொண்டுவந்து, புது வீட்டின் கொல்லையில் குவித்துக் கொளுத்திவிட்டார். போகிப் பண்டிகை! புருஷனும் பெண்டாட்டியும் அந்தச் சாம்பல் பக்கத்தில் நின்று, கண்ணீர் வழிய ஃபோர்டுக்கு நன்றி சொன்னார்களாம்.

கண்ணீர் வந்ததை நான் நம்புகிறேன். அது நன்றியால்தான் வந்தது என்பது கொளுத்தினவர் தரப்புச் செய்தி.

அப்புறம் கிறிஸ்துமஸ் கதை. ஐந்து டாலர் அறிவிப்பு வந்தது ஜனவரி 5 என்றேனா? பழைய ஜூலியன் காலண்டர்படி ரஷ்ய, கிரேக்கக் கிறிஸ்தவர்களுக்கு அப்போது ஜனவரி 7-ல்தான் கிறிஸ்துமஸ். ஏறத்தாழ 900 பேர் பண்டிகைக்காக லீவு போட்டார்கள். அத்தனை பேருக்கும் வேலை போயிற்று. அமெரிக்காவில் இருக்கிறவர் அமெரிக்கத் தேதியில்தான் கொண்டாட வேண்டுமாம். ஆள் நிற்கமாட்டேன் என்கிறார்களே என்று அழுது, சம்பளத்தை இரட்டிப்பாக்கிய கம்பெனி, அதே மாதத்தில் நின்றிருந்த 900 பேரைத் துரத்தியது. யேசுவே வந்து பிறந்த தேதியைச் சொல்லியிருந்தாலும் அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரைத்தான் பார்த்திருப்பார்கள்.

ஆளை வேலைக்கு எடுத்தாயிற்று, வீட்டைத் திருத்தியாயிற்று. ஆளையே வார்த்தெடுக்க வேண்டாமா? அதற்கு ஃபோர்டு இங்கிலீஷ் ஸ்கூல். வேலை முடிந்தபின் வகுப்பு. ஆங்கிலத்தோடு, சாப்பாட்டு மேஜையில் எப்படி உட்காருவது என்பதும் பாடம். இந்தப் பள்ளிக்கூடத்தின் பட்டமளிப்பு விழாவை நம் கல்லூரிக் கலைவிழாக் கோஷ்டிகள் பார்த்தால் பொறாமைப்படும்.

மேடையில் கப்பல் செட். அதிலிருந்து சொந்த ஊர் உடுப்போடு, மூட்டை முடிச்சோடு தொழிலாளிகள் இறங்கி வருவார்கள். கீழே பிரம்மாண்டமான ஒரு கொப்பரை. அத்தனை பேரும் அதற்குள் இறங்க வேண்டும். ஆசிரியர்கள் நீளக் கரண்டியால் கொப்பரையைக் கிளறுவார்கள். கிளறி முடித்ததும், கோட்டு சூட்டும் கையில் அமெரிக்கக் கொடியுமாக எல்லாரும் மறுபக்கம் வெளியே வருவார்கள். உருக்கி வார்க்கிறார்களாம்! ஆளை எண்ணெய்க் கொப்பரையில் போட்டுக் கிளறுவதை நாம் நரகம் என்று கோயில் சுவரில் எழுதி வைத்திருக்கிறோம். அவர்கள் அதற்கு சர்டிஃபிகேட் கொடுத்தார்கள்.

சரி, யாருடைய வேல்யூஸ் இவை? கம்பெனியுடையவையா? மாடல் டி காருக்கு சிகரெட் வாடை ஆகாது என்று யாராவது நிரூபித்தார்களா?

ஃபோர்டு குடிக்கமாட்டார், ஆகவே நல்ல தொழிலாளி குடிக்கமாட்டார். ஃபோர்டு புகைபிடிக்கமாட்டார், 1914-ல் சிகரெட்டுக்கு எதிராகப் புத்தகமே போட்டார். ஆகவே நல்ல தொழிலாளி புகைக்கமாட்டார். வெள்ளைப் பேப்பரில் வேல்யூஸ் என்று தலைப்புப் போட்டு, அதன்கீழ் முதலாளி தன் முகத்தை வரைந்துவிட்டார், அவ்வளவுதான். நம் ஆபீஸ்களிலும் நடப்பதுதானே? எம்.டி. ஐந்து மணிக்கு எழுந்து ஓட ஆரம்பித்தால், அடுத்த மாதம் ‘உடற்தகுதி’ கம்பெனியின் ஆதார விழுமியமாகிவிடுகிறது. அவர் முழங்கால் வலிக்க ஆரம்பித்தால் ‘வேலைக்கும் வாழ்க்கைக்கும் சமநிலை’.

ஊருக்கெல்லாம் பரீட்சை வைத்தவர் ஒருநாள் தாமே பரீட்சை எழுத வேண்டி வந்தது. ஷிகாகோ ட்ரிப்யூன் பத்திரிகை 1916-ல் தம்மை அராஜகவாதி என்று எழுதியதற்காக ஃபோர்டு மானநஷ்ட வழக்குப் போட்டார். 1919-ல் விசாரணை. எதிர்த்தரப்பு வக்கீல் அவரைக் கூண்டில் ஏற்றி, பள்ளிப் பிள்ளைகளிடம் கேட்கிற கேள்விகளாகப் போட்டுத் தாளித்தார். அமெரிக்கப் புரட்சி எப்போது? 1812 என்றார். (1775-ல் ஆரம்பித்தது. சுதந்திரம் அறிவித்தது 1776. ஒரு தலைமுறை தள்ளிப்போய்விட்டது.) பெனடிக்ட் ஆர்னால்டு யார்? எழுத்தாளர் என்று நினைக்கிறேன் என்றார். ஆர்னால்டு அமெரிக்காவின் எட்டப்பன்! ‘நான் நல்ல அமெரிக்கன்’ என்று ஆயிரமாயிரம் பேருக்குச் சொல்லிக்கொடுத்தவரின் மார்க் ஷீட் இது. ஆனாலும் வழக்கில் ஜெயித்தார். நஷ்ட ஈடாக ஜூரி தீர்மானித்த தொகை: 6 சென்ட்.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. ஃபோர்டின் ஆருயிர் நண்பர், முன்னாள் முதலாளி தாமஸ் ஆல்வா எடிசன். இவரும் 1921-ல் வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒரு கேள்வித்தாள் வைத்தார். சுமார் 150 கேள்விகள். வோல்கா நதி எங்கே ஓடுகிறது, பிரான்ஸைச் சுற்றி என்னென்ன நாடுகள் என்ற ரகம். கேள்விகள் பத்திரிகையில் கசிந்து ஊரே சிரித்தது. அந்தச் சமயம் அமெரிக்கா வந்திருந்த ஐன்ஸ்டைனிடம் ஒலியின் வேகம் என்ன என்ற கேள்வியை நீட்டினார்கள். புத்தகத்தில் இருப்பதையெல்லாம் மண்டையில் சுமப்பதில்லை என்று கையை விரித்துவிட்டார். ஆக, எடிசன் கம்பெனியில் ஐன்ஸ்டைனுக்கு வேலை இல்லை. 1812-க்காரரான ஃபோர்டுக்கும் இருந்திருக்காது.

நட்புக்கு மட்டும் பரீட்சை கிடையாது. 1931-ல் எடிசன் காலமானபோது அவர் படுக்கை அருகே இருந்த ஒரு சோதனைக் குழாயை மூடி முத்திரையிடச் சொல்லி, பிறகு ஃபோர்டுக்குக் கொடுத்தார் எடிசனின் மகன். நண்பரின் கடைசி மூச்சு என்று அது இன்றும் ஃபோர்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உள்ளே இருப்பது வெறும் காற்று. என்ன செய்வது, பாசத்துக்கு லாஜிக் பார்த்தால் முடியுமா?

சோப்பு டிபார்ட்மெண்டுக்கு வருவோம். 1915-லிருந்து அதைத் தலைமையேற்று நடத்தியவர் சாமுவேல் மார்க்விஸ் என்ற பாதிரியார். நல்ல மனிதர். தொழிலாளிக்கு உண்மையிலேயே ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைத்தவர். பல குடும்பங்கள் இந்தக் கெடுபிடியால் நாலு காசு மிச்சம் பிடித்து வீடு வாங்கின என்பதையும் மறைக்கக் கூடாது. ஆனால் 1921-ல் மார்க்விஸே வெறுத்துப்போய் ராஜினாமா செய்தார். இரண்டு வருடத்தில் ஃபோர்டைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதிவிட்டார். எக்ஸிட் இண்டர்வியூவை அச்சில் கொடுத்த முதல் எச்.ஆர். தலைவர் அவராகத்தான் இருப்பார்.

பாதிரியார் போன இடத்துக்கு யார் வந்தார் என்கிறீர்கள்? ஹாரி பென்னட். முன்னாள் கடற்படை குத்துச்சண்டை வீரர். அவருடைய பிரிவுக்குப் பெயர் ‘சர்வீஸ் டிபார்ட்மெண்ட்’. தொழிலாளிகளை வேவு பார்ப்பதும், யூனியன் என்று வாயைத் திறந்தவரைக் கவனித்துக்கொள்வதும்தான் அந்த சேவை. 1937 மே 26 அன்று, ரூஜ் தொழிற்சாலை மேம்பாலத்தில் வால்டர் ரூதர் முதலான யூனியன்காரர்களைப் புகைப்படக்காரர்களின் கண்ணெதிரிலேயே அடித்து நொறுக்கினார்கள். உன் நல்லதுக்குத்தான் என்று வீட்டுக்குள் நுழைந்த கை அது. சோப்பு தீர்ந்ததும் முஷ்டி வெளியே தெரிந்தது. 1941-ல் ஃபோர்டு யூனியனோடு கையெழுத்துப் போட்டார். பெரிய கார் கம்பெனிகளில் அதுதான் கடைசி.

முதலாளி தகப்பன் வேஷம் கட்டுகிற காலம் முடிந்துவிட்டது என்று 1922-ல் தம் சுயசரிதையில் ஃபோர்டே எழுதினார். அப்பாடா, தெளிந்துவிட்டார் என்கிறீர்களா? 1928-ல் பிரேசிலுக்குக் கிளம்பினார். (அவர் போகவில்லை. ஆட்களை அனுப்பினார். கடைசிவரை அந்த மண்ணில் அவர் கால் வைக்கவே இல்லை.)

டயருக்கு ரப்பர் வேண்டும், அதற்கு அமேசான் காட்டில் 25 லட்சம் ஏக்கர். ஊருக்குப் பெயர் ஃபோர்ட்லாண்டியா. ரப்பர் மரத்தோடு சேர்த்து மறுபடியும் வேல்யூஸை நட்டார்கள். மது கூடாது. சாப்பாட்டுக்கு ஓட்ஸ் கஞ்சியும் தீட்டாத அரிசியும். பொழுதுபோக்குக்கு ஃபோர்டுக்குப் பிடித்த பழங்கால நடனம். நடுக்காட்டில், அந்த வெக்கையில்! தொழிலாளிகள் ஆற்றில் படகேறி எல்லை தாண்டிப் போய்க் குடித்துவிட்டு வந்தார்கள். அந்த ஜாகைக்கு ‘வெகுளித் தீவு’ என்று பெயர். 1930 டிசம்பரில், சாப்பாட்டைப் பரிமாறமாட்டோம், வரிசையில் நின்று வாங்கிக்கொள்ளுங்கள் என்று கேண்டீனில் புது முறை வந்தது. அவ்வளவுதான், கலவரம். கைக்கு அகப்பட்டதையெல்லாம் உடைத்தார்கள். முக்கியமாக வருகைப் பதிவுக் கடிகாரங்களை. அந்த நிமிடம் அங்கே வேலை பார்த்த எல்லாருடைய வேல்யூஸும் அட்சரசுத்தமாக ஒத்துப்போயின.

ரப்பர் மரங்களை நோய் தின்றது. 1945-ல் பிரேசில் அரசிடமே திருப்பி விற்றார்கள். நஷ்டம் சுமார் 2 கோடி டாலர்.

இத்தோடு முடித்தால் கிழவருக்கு அநியாயம் செய்தவனாவேன். ஏனென்றால் ஆள் எடுப்பதில் ஃபோர்டு ஒரு விஷயத்தைப் பிரமாதமாகச் செய்தார். அதை யாரும் போஸ்டர் அடித்து ஒட்டுவதில்லை.

தொழிற்சாலையில் இருக்கும் ஒவ்வொரு வேலைக்கும் உடம்பில் என்ன வேண்டும் என்று உட்கார்ந்து கணக்கெடுக்கச் சொன்னார். மொத்தம் 7,882 வேலைகள். அவற்றில் கால்கள் இரண்டும் இல்லாதவர் செய்யக்கூடியவை 670. ஒற்றைக் கால் இருந்தால் போதும் என்பவை 2,637. ஒற்றைக் கைக்கு 715. பார்வை இல்லாதவர்களுக்கு 10. இரண்டு கைகளும் இல்லாதவர்களுக்கு 2. கணக்கோடு விடவில்லை. ஆயிரக்கணக்கான மாற்றுத்திறனாளிகளை, தர்மத்துக்கு இல்லாமல், முழுச் சம்பளத்துக்கு எடுத்தார். ஜெயிலிலிருந்து வந்தவர்களையும், வேறு கம்பெனிகள் வாசலிலேயே நிறுத்திய கறுப்பினத்தவர்களையும் எடுத்தார்.

ஒரே மனிதர். ஒரே கம்பெனி. ‘நீ என்னை மாதிரி இருக்கிறாயா?’ என்று கேட்டபோதெல்லாம் கோமாளி ஆனார். ‘இந்த வேலைக்கு என்ன வேண்டும்?’ என்று கேட்டபோது, அவர் காலத்து முதலாளிகள் எட்டாத உயரத்துக்குப் போனார். நேர்மை, நாணயம், சொன்ன சொல் தவறாமை இவையெல்லாம் எந்த வேலைக்கும் வேண்டும், பாருங்கள், சோதியுங்கள், யார் வேண்டாம் என்றது? முதலாளியின் பழக்கவழக்கத்துக்கும் அதே பெயரைச் சூட்டும்போதுதான் கொப்பரையும் கரண்டியும் மேடைக்கு வருகின்றன.

அடுத்த தடவை நீங்கள் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஆள் எடுக்கும்போது, வந்தவர் நம்ம டைப்பா என்று பார்க்கும் முன், அந்த வேலைக்கு என்னதான் வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஃபோர்டு கம்பெனி 7,882 வேலைக்கும் எழுதிப் பார்த்தது. அதற்கு ஒரு கட்டி சோப்புகூடச் செலவாகவில்லை.